ஈ ஓட்டும் நேரத்தின் மதிப்பு

வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேட்டால், "ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று ஒரு நாளாவது சொல்லாத சிறு கடைக்காரர் இருக்க மாட்டார். சித்திரை வெயிலில் பிற்பகல் இரண்டரை மணிக்கு மன்னார்குடியிலோ ஆரணியிலோ கோவில்பட்டியிலோ கடைத்தெருப் பக்கம் போனால் அவர் சொல்வது உண்மைதான் என்று தெரியும். பல கடைகளில் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். திறந்திருக்கும் கடைகளில் முதலாளி கல்லாவில் உட்கார்ந்து கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பார். அவர் பார்க்காத நேரம் பார்த்து வேலைப் பையனும் அதையே செய்துகொண்டிருப்பான்.

அதே கடைக்கு மாலை ஆறரை மணிக்குப் போய்ப் பாருங்கள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டுவார்கள். நூறு கிராம் சீரகம் நிறுத்துக் கட்ட ஆள் இருக்காது. ஐந்நூறு ரூபாய்க்குச் சில்லறை தேடி முதலாளி பக்கத்துக் கடைக்கு ஓடுவார். "சேமியா உள்ள கெடக்கு, தேடணும், நாளைக்கு வாங்கிக்கிறீங்களா?" என்று பதில் வரும். அந்த வாடிக்கையாளர் நாளைக்கு வரப்போவதில்லை. வீட்டுக்குப் போகிற வழியிலேயே வேறு கடையில் வாங்கிவிடுவார், இல்லையென்றால் கைபேசியில் தட்டிவிடுவார்.

மாலை ஆறரை மணியின் இந்தத் தடுமாற்றம் பெரும்பாலும் பிற்பகலில் செய்யாமல் விட்ட வேலைதான். சிறு வணிகம் நசிகிறது என்று பேசும்போதெல்லாம் சூப்பர் மார்க்கெட்டையும் பத்து நிமிட டெலிவரி கம்பெனிகளையும் ஜிஎஸ்டியையும் குற்றம் சொல்கிறோம். குற்றம் இல்லாமல் இல்லை. ஆனால், நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரம் கடைக்காரர் கையிலேயே இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கூட்டமில்லாத நேரம் எல்லாக் கடைக்கும் ஒன்றுபோல வருவதில்லை. மளிகைக்கு நாளில் பிற்பகல், மாதத்தில் இருபதாம் தேதிக்கு மேல். நோட்டுப் புத்தகக் கடைக்குப் பள்ளி திறக்கும் ஜூன் போய்விட்டால் அப்புறம் நீண்ட ஓய்வுதான். கறிக்கடைக்குப் புரட்டாசி. பெயின்ட் கடைக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழை. துணிக்கடைக்குத் தீபாவளிக்கு மறுநாள் தொடங்கும் வெறுமை. ஒவ்வொருவருக்கும் தன் மந்தம் எப்போது வரும் என்பது பஞ்சாங்கம் பார்க்காமலே தெரியும். தெரிந்தும், அது ஏதோ எதிர்பாராமல் வந்த துன்பம் போலப் புலம்புவார்கள்.

டெல்டா ஊர் ஒன்றில் எனக்குப் பழக்கமான மளிகைக் கடை இருக்கிறது. முதலாளி நாசரேத் பக்கத்துக்காரர். ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். பிற்பகல் சாப்பாடு முடிந்து பையன் வந்ததும் ஒரே ஒரு ராக்கை மட்டும் இறக்குவார்கள். இன்றைக்கு பிஸ்கட், நாளைக்கு சோப்பு, அதற்கடுத்த நாள் மசாலா பாக்கெட். முழுக் கடையும் ஒரு சுற்று வர ஒரு மாதம் ஆகும், பரவாயில்லை என்பார்.

"ஏல, முந்தின தேதி முன்னால, பிந்தின தேதி பின்னால. எத்தன தடவ சொல்லுதேன்?"

"இது இன்னும் இருபது நாள் இருக்கு அண்ணாச்சி."

"இருபது நாளா? அப்ப கல்லாகிட்ட கொண்டா. ஏஜென்சிக்காரனுக்கு இப்பவே போனப் போடு."

இவ்வளவுதான் உரையாடல். இதில் இருக்கும் கணக்கைப் பாருங்கள். பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கடைக்காரருக்கு ஒரு ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் காலாவதியானால் கையைவிட்டுப் போவது ஒன்பது ரூபாய். அதை எடுக்க இன்னும் ஒன்பது பாக்கெட் விற்றாக வேண்டும். அந்த ஒன்பதிலும் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. ராக்கின் பின்வரிசையில் பத்து பாக்கெட் தேதி தாண்டிக் கிடந்தால் தொண்ணூறு பாக்கெட் விற்ற உழைப்பு வீண். மாலையில் அரை மணி நேரம் கூட்டமாக வியாபாரம் நடந்த திருப்தியில் இந்த இழப்பு கண்ணில் படாது. தேதி தாண்டுவதற்கு முன் சொன்னால் மாற்றிக் கொடுக்கும் ஏஜென்சி, தாண்டியபின் சொன்னால் கையை விரித்துவிடும்.

பெரும்பாலான கடைகளில் ராக்குகள் முழுவதுமாக இறங்குவது ஆண்டுக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முதல் நாள். அன்றுதான் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய அகர்பத்திக் கட்டும், எலி கடித்த சோள மாவு அட்டைப்பெட்டியும், யாருக்கோ எடுத்து வைத்து அவர் வராமலே போன பூஜைச் சாமானும் வெளியே வரும். சந்தனம், குங்குமம் வைத்து எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தள்ளிவிடுகிறோம்.

தேதி அச்சடித்த பாக்கெட் மட்டும்தான் கெடும் என்றில்லை. ரவையில் புழு வைத்திருக்கிறதா, துவரம் பருப்பு மூட்டையின் அடியில் வண்டு ஏறியிருக்கிறதா, நிலக்கடலையில் சிக்கு வாடை அடிக்கிறதா என்பதை மூக்கும் விரலும்தான் சொல்லும். கூட்ட நேரத்தில் மூட்டைக்குள் கையை விட்டு அள்ளிப் போடத்தான் முடியும். முகர்ந்து பார்க்க முடியாது. வீட்டுக்குக் கொண்டுபோன ரவையில் புழுவைப் பார்த்த பெண், திரும்பி வந்து சண்டை போட்டால் கடைக்காரர் அதிர்ஷ்டசாலி. பெரும்பாலும் அவர் சத்தமில்லாமல் கடையை மாற்றிவிடுவார்.

சரக்கைத் தெரிந்து வைத்திருப்பதன் அருமை 2025 செப்டம்பர் 22-ம் தேதி வாக்கில் தெரிந்தது. ஜிஎஸ்டி அடுக்குகள் மாறி, பிஸ்கட், சோப்பு, ஷாம்பு, பற்பசை எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5-க்கு இறங்கின. பழைய எம்.ஆர்.பி. அச்சடித்த சரக்கு ராக்கில் இருக்கிறது, தொலைக்காட்சியில் விலை குறைந்த செய்தி ஓடுகிறது, வாடிக்கையாளர் கேட்கிறார். எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று நோட்டில் வைத்திருந்தவர் உட்கார்ந்து கணக்குப் போட்டு விலையைத் திருத்த முடிந்தது. தெரியாதவருக்குக் கல்லாவில் தினமும் வாக்குவாதம்தான்.

அடுத்தது, வேலையை இடம் மாற்றுவது. மாலையில் செய்ய வேண்டிய எந்தெந்த வேலையைப் பிற்பகலுக்குத் தள்ள முடியும் என்று யோசிப்பதுதான் மந்த நேரத்தின் மிகப் பெரிய பயன் என்பது என் எண்ணம். பழைய மளிகைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயத்தை ஐம்பதும் நூறுமாக நிறுத்துப் பொட்டலம் மடித்து டப்பாவில் அடுக்கி வைப்பார்கள். பிளாஸ்டிக் உறை வந்த பிறகு மெழுகுவர்த்திச் சுடரில் வாயைக் காட்டி ஒட்டினார்கள். இப்போது கையால் அழுத்தும் சீலிங் மெஷின் இருக்கிறது. ஒரு பையன் ஒரு பிற்பகலில் கட்டி வைக்கும் பொட்டலங்கள் அன்று மாலை நிற்கும் வரிசையைப் பாதியாக்கிவிடும்.

இங்கே ஒரு சட்டச் சங்கதி இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. வாங்குபவர் எதிரில் இல்லாமல் முன்கூட்டியே ஓர் அளவு நிறுத்துக் கட்டி வைத்த எதுவும் 2009-ம் ஆண்டு எடையளவுச் சட்டத்தின்படி பொட்டலப் பொருளாகவே கருதப்படும். உறை ஒட்டியிருந்தாலும் ஒட்டாவிட்டாலும் அப்படித்தான். ஆகவே அதன்மேல் பொருளின் பெயர், நிகர எடை, விலை, கட்டிய மாதம், கட்டியவர் முகவரி போன்ற விவரங்கள் இருக்க வேண்டும். ஒரு சிறு லேபிள் அடித்து ஒட்டுவது பெரிய செலவில்லை. அதேபோல, எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட்டாக வேண்டும். முத்திரை ஆய்வாளர் கடைக்குள் வந்த பிறகு சான்றிதழைத் தேடுவதைவிட, ஒரு மத்தியானம் தேடி எடுத்துச் சுவரில் மாட்டிவிடலாம்.

மாதச் சாமான் லிஸ்ட்டும் இப்படித்தான். முன்பு கடைக்கு வந்து சீட்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்; இப்போது வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். லிஸ்ட்டை முதல் நாளே வாங்கி, மந்த நேரத்தில் கட்டி, பெட்டியில் பெயர் எழுதி வைத்து, வெயில் தாழ்ந்ததும் பையனை சைக்கிளில் அனுப்பும் கடையை எந்த ஆன்லைன் கம்பெனியும் லேசில் அசைக்க முடியாது. அவர்களுடைய பலம் பத்து நிமிடத்தில் ஒரு பால் பாக்கெட். ஒரு குடும்பத்தின் முப்பது வகை மாதச் சாமானை, "போன மாசம் பாசிப்பருப்பு வாங்கலியே, விட்டுப் போச்சாம்மா?" என்று கேட்டுக் கட்டிக் கொடுப்பது அண்ணாச்சியின் பலம். அந்தக் கேள்வியைக் கேட்கவும் நேரம் வேண்டும்.

இனி கடன் நோட்டு. சிறு கடைகளைச் சாய்ப்பது போட்டியைவிடப் பாக்கிதான் என்று நான் சொன்னால் கடைக்காரர்கள் தலையாட்டுவார்கள். கூட்ட நேரத்தில் "எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் கணக்கு பாதி நோட்டில் ஏறும், பாதி மறந்துபோகும். அன்றன்று பிற்பகலில் சிட்டையைப் பார்த்து ஆள்வாரியாகப் பெயர்த்து எழுதினால்தான் எது எவருடையது என்று நிற்கும். யுபிஐ வந்த பிறகு இன்னொரு குழப்பமும் சேர்ந்திருக்கிறது. பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி சத்தம் போட்டதா, எவ்வளவு என்று சொன்னது, பணம் கணக்கில் ஏறியதா என்பதைக் கூட்டத்தில் யாரும் சரிபார்ப்பதில்லை. நாளுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்காதவர் எங்கே ஏமாந்தார் என்றுகூட அறிய மாட்டார்.

பிஸ்கட்டுக்கு மட்டுமல்ல, பாக்கிக்கும் காலாவதி உண்டு. 1963-ம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, கடனுக்குக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்குப் போட மூன்று ஆண்டுகள்தான். கெடு முடிவதற்குள் கடன்பட்டவர் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து மறுபடி மூன்று ஆண்டு. அரிசிக் கடன் வாங்கிய அண்டை வீட்டுக்காரர் மீது யாரும் வழக்குப் போடப்போவதில்லை, தெரியும். ஆனால், ஹோட்டலுக்கும் மெஸ்ஸுக்கும் மூட்டைக் கணக்கில் கடன் கொடுக்கும் கடைக்காரர் ஆண்டுக்கொரு முறை நோட்டில் ஒரு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதைச் சிரித்துப் பேசிக் கேட்பதற்கு ஏற்ற நேரம், இரண்டு பேரும் ஓய்வாக இருக்கும் மூன்று மணி.

கணக்கு என்றதும் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று நகர்ந்துவிடும் வழக்கம் நம்மிடம் எப்போது வந்தது என்று தெரியவில்லை. ஜிஎஸ்டி தொகுப்புத் திட்டத்தில் இருக்கும் கடைக்காரர் காலாண்டு முடிந்த அடுத்த மாதம் 18-ம் தேதிக்குள் விற்பனையைச் சொல்லி ஒரு சதவீதம் கட்ட வேண்டும். கணக்கு அவ்வளவு எளிது. பதினேழாம் தேதி இரவு பில் கட்டோடு ஆடிட்டர் அலுவலக வாசலில் நிற்பவர்களைப் பார்த்தால் எளிது என்று தோன்றாது. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்த செட்டிநாட்டுக்காரர்களிடம் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் கணக்குப் பழகி, அடுத்தாளாகி, மேலாளாக உயர்ந்தான். அவனுக்குப் பள்ளிக்கூடம் அந்தக் கடைதான். சிட்டையும் பேரேடும் ஐந்தொகையும் அங்கே உட்கார்ந்து கற்றவை. இன்றைக்கு நம் கடையில் ஐந்து வருடம் வேலை பார்த்த பையனுக்குக் கொள்முதல் விலை என்னவென்று தெரியாது. தெரியக் கூடாது என்றே வைத்திருக்கிறோம். பிறகு, "பொறுப்பா ஒரு ஆள் கெடைக்க மாட்டேங்குது" என்கிறோம்.

மந்தத்தைப் பயன்படுத்துவதில் ஜவுளிக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஆடியில் கல்யாணம் இல்லை, புதுத்துணிக்கு வேலை இல்லை என்று கிடந்த மாதத்தைத் தள்ளுபடி மாதமாக்கி, தேங்கிய சரக்கைத் தீபாவளிக் கொள்முதலுக்கு முன் காசாக்கினார்கள். அபாரமான யோசனை. ஆனால், அதை அப்படியே சிறு கடைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஆடி இப்போது பெரிய ஜவுளிக் கடல்களின் மாதம். அவர்கள் தள்ளுபடி விலைக்கென்றே தனியாகச் சரக்கு வாங்க முடியும், முழுப் பக்க விளம்பரம் கொடுக்க முடியும். சிறு துணிக்கடைக்காரர் அவர்களோடு தள்ளுபடியில் போட்டி போட்டால் கைக்காசுதான் கரையும். அவருக்கு ஆடி, ரவிக்கை தைக்கும் டெய்லரோடு உட்கார்ந்து பேசவும், ஆவணிக் கல்யாண வீடுகளை விசாரித்து வைக்கவும், எந்த நிறமும் அளவும் மூன்று வருடமாக நகரவில்லை என்று பார்க்கவும் உதவும். கடைசியாகச் சொன்னதை மட்டும் செய்தாலே அடுத்த கொள்முதலில் பாதித் தவறு குறையும்.

இவ்வளவும் சொன்ன பிறகு எதிர்ப்பக்கம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். "சும்மா இருக்கும் நேரத்தைப் பயன்படுத்து" என்ற உபதேசம் முதலாளி வாயில் வரும்போது வேறு உருவம் எடுத்துவிடுகிறது. தூசியே இல்லாத கண்ணாடியை மறுபடி துடைக்கச் சொல்வது, மடித்த புடவையைப் பிரித்து மடிக்கச் சொல்வது, சிசிடிவியில் பார்த்துக்கொண்டே "என்னம்மா, சுவத்துல சாயுற?" என்று போன் போடுவது. இதனால் கடைக்கு ஒரு பைசா வராது. வேலை செய்பவருக்குக் கால் வீக்கம்தான் வரும். 2010-ல் வந்த வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் இந்த உலகத்தைத் திரையில் காட்டியபோது பலர் அதிர்ந்தோம். கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, கடை ஊழியர்களுக்கு இருக்கை கொடுப்பதைக் கட்டாயமாக்கின. நம் மாநிலத்தில் 1947-ம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நான்கு மணி நேர வேலைக்குப் பிறகு ஒரு மணி நேர இடைவேளை என்றும் முன்பே சொல்லியிருக்கிறது. ஸ்டூல் வாங்கிப் போட்ட கடைகள் உண்டு. அந்த ஸ்டூலில் துணி பண்டலை அடுக்கி வைத்திருக்கும் கடைகளும் உண்டு.

ஊழியர் உட்கார்ந்தால் வாடிக்கையாளருக்கு மரியாதைக் குறைவு என்று முதலாளிகள் நினைக்கிறார்கள். வங்கியில் உட்கார்ந்தபடி பணம் தருபவரை நாம் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லையே! மந்த நேரத்தில் முதல் உரிமை காலுக்கு. பையனோ பெண்ணோ ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்தால், மாலையில் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். ராக்கும் நோட்டும் பொட்டலமும் அதற்குப் பிறகு.

முதலாளிக்கும் இது பொருந்தும். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி ஜவுளிக்கடை நடத்தியவர். கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் பட்டுச் சரிகை வியாபாரம் செய்தவர். தோப்பில் முஹம்மது மீரான் நெல்லையில் மிளகாய் வற்றல் வியாபாரி. கல்லாவில் உட்கார்பவருக்கு வேறு உலகம் இருக்க முடியாது என்பதில்லை. தூத்துக்குடியில் முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் கடைக்குள்ளேயே சிறு நூலகம் வைத்ததை 2020 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் பாராட்டினார். காத்திருக்கும் வாடிக்கையாளர் கையில் புத்தகம் கொடுத்தார் அவர். கடையில் காத்திருப்பது இரண்டு பக்கத்துக்கும் உண்டு என்று புரிந்துகொண்ட மனிதர். எல்லாரும் நூலகம் வைக்க வேண்டாம். கைபேசியில் குறும்படமும் அரசியல் வசவும் பார்த்து முடிக்கும் இரண்டு மணி நேரத்தில் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தையாவது பார்க்கலாம். மாசி, பங்குனியில் புளியும் மிளகாயும் வரத்து கூடும்போது ஒரு நாள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மண்டிக்குப் போய் நேரில் பார்த்து வாங்கலாம். ஏஜென்ட் கொண்டுவந்து இறக்கும் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் புரிந்துவிடும்.

வணிகர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மே 5 வணிகர் தினத்தன்று கடையடைத்து மாநாடு கூட்டுகிறீர்கள். வரி, அபராதம், ஆன்லைன் வணிகம் பற்றித் தீர்மானம் போடுகிறீர்கள். போடுங்கள். கூடவே உங்கள் ஊர்ச் சங்கக் கட்டடத்தை வாரம் ஒரு பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை திறந்து வையுங்கள். ஓய்வுபெற்ற ஒரு கணக்கரை அழைத்து, கடைக்காரர்களுக்கும் அவர்களுடைய பையன்களுக்கும் கணக்கு எழுதக் கற்றுக்கொடுங்கள். தராசு முத்திரைக்கு முகாம் போடும் தொழிலாளர் துறையிடம், முகாமைக் காலைக் கூட்டத்தில் வைக்காமல் பிற்பகலில் அங்கேயே வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கடைக்குப் போகும் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவசரமில்லாத மாதச் சாமான் லிஸ்ட்டை முதல் தேதி மாலை ஏழு மணிக்குக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். இருபத்தெட்டாம் தேதி பிற்பகலில் அனுப்பிவிடுங்கள். எடை நிதானமாக விழும், பழைய பாக்கெட் வராது, நமக்கும் நிற்கிற வேலை இல்லை.